அந்தமானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: விமானமா, கப்பலா, அதற்கு அப்புறம் என்ன?

என் அக்கா கல்யாணமாகிப் போர்ட் பிளேரில் குடியேறியதிலிருந்து எங்கள் வீட்டுக்கு அந்தமான் என்பது லீவு கிடைத்தால் போய்வரும் ஊர். இரண்டு முறை கப்பலிலும் நான்கு முறை விமானத்திலும் போயிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது கிளம்பினால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "போர்ட் பிளேர் வரைக்கும் எப்படிப் போறது?" என்பதுதான். அதற்குப் பதில் சுலபம். போர்ட் பிளேரில் இறங்கிய பிறகு தீவுக்குத் தீவு எப்படிப் போவது என்று கிளம்பும் முன் யாரும் கேட்பதில்லை. நாளும் பணமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் முதலில் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். தீவுகள், திட்டுகள், பாறைகள் எல்லாம் சேர்த்து 836 என்பது அரசுக் கணக்கு. மனிதர்கள் வசிப்பது 31 தீவுகளில். வடக்கு முனையிலிருந்து தெற்கே இந்திரா முனை வரைக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல், அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். "ஐந்து நாளில் அந்தமான் முழுவதும் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து நாளில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். அதுவே நல்ல பயணம்.

பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் 2018 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டிலும் பலகையிலும் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்லுவார். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். இந்தக் கட்டுரையில் பேச்சு வழக்கில் இருக்கும் பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

எந்த மாதம்?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே நடுவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், செப்டம்பர் வரை அலை அதிகம். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் படகு, கப்பல் எல்லாம் நின்றுவிடும். மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்தக் காட்டின் பச்சை மழையில்தான் முழுசாகத் தெரியும். ஆனால் முதல்முறை, அதுவும் குழந்தைகளோடோ வயதானவர்களோடோ போகிறீர்கள் என்றால் ஜனவரியையோ பிப்ரவரியையோ தேர்ந்தெடுங்கள்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

லட்சத்தீவுக்கு வேண்டும், அந்தமானுக்கு வேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு ஆதார் போன்ற ஓர் அசல் அடையாள அட்டை போதும். படகு டிக்கெட் வாங்கும்போதும் கேட்பார்கள் என்பதால் இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் தனி அனுமதி தேவை. சுற்றுலா என்று கேட்டால் அது கிடைக்காது. வடக்கு சென்டினல் தீவின் பக்கம் படகு போவதே சட்ட விரோதம். யாராவது பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றால் உடனே விலகிவிடுங்கள். அங்கே இருக்கும் மக்களுக்கு நம் சாதாரணச் சளிகூட உயிருக்கு ஆபத்து.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் இங்குள்ள 30 தீவுகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் நாட்டவருக்கு இது பொருந்தாது. இந்தச் சலுகை காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுவது. எனவே டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். வந்து இறங்கியதும் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தில் போவது

சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் கிழக்கே சுமார் 1,370 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், டெல்லியிலிருந்தும் விமானம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னைதான் வசதி.

டிக்கெட் எடுக்கும்போது காலை விமானமாகப் பாருங்கள். அங்கேயும் கடிகாரம் இந்திய நேரம்தான் காட்டும், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் ஐந்து, ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு இறங்கி, அறைக்குப் போய்ச் சாப்பிட்டு வெளியே வந்தால் அந்த நாள் முடிந்திருக்கும். காலையில் இறங்கினால் அன்றைக்கே செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம். பொங்கல், கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் மூன்றிலும் விலை ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எடுப்பவர்களுக்குப் பாதிக்குப் பாதி மிச்சமாவதைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை, திருச்சி பக்கத்திலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். ரயில் தாமதமாவதை நினைத்துக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

போர்ட் பிளேரில் விமான ஓடுதளம் கடற்படைக்குரியது. இறங்கும்போது ஓடுதளத்தைப் படமெடுக்க வேண்டாம். புது முனையக் கட்டடம் 2023 ஜூலையில் திறந்தது, விசாலமாக இருக்கிறது. வெளியே வந்ததும் ஆட்டோ கிடைக்கும். ஊரின் நடுவான அபெர்டீன் பஜார் நாலைந்து கிலோமீட்டர்தான்.

கப்பலில் போவது

நேரமும் கொஞ்சம் பொறுமையும் உள்ளவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 66 மணி நேரம், அதாவது மூன்று ராத்திரி. கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் உண்டு. நான்கௌரி, நிக்கோபார், ஸ்வராஜ் த்வீப், கேம்ப்பெல் பே என்பவை இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாக ஓடிப் பழகிய கப்பல்களின் பெயர்கள்.

இது உல்லாசக் கப்பல் கிடையாது. தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் 'மெயின்லேண்ட்' வந்துபோகிற வண்டி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் எந்த ஏமாற்றமும் இருக்காது.

எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்ற பட்டியலை அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்குநரகம் மாதாமாதம் வெளியிடும். அது உத்தேசத் தேதிதான். வானிலையோ, சரக்கு ஏற்றுவதில் தாமதமோ, பழுதோ வந்தால் ஒருநாள் இரண்டு நாள் தள்ளிப்போகும். டிக்கெட் விற்பனையும் பல மாதம் முன்னால் தொடங்காது. கப்பல் கிளம்பும் நாள் நெருங்கும்போதுதான் திறக்கும். இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், சென்னையில் ராஜாஜி சாலைப் பக்கத்து அலுவலகத்தில் நேரிலும் விசாரிக்கலாம். நான் நேரில் போகத்தான் சொல்வேன். தேதி மாறியிருந்தால் கவுண்டரில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணமும் தனி ஒதுக்கீடும் உண்டு. நமக்கு முழுக் கட்டணம்.

வகுப்புகளில் கீழே இருப்பது பங்க். பெரிய கூடத்தில் ரயிலின் ஸ்லீப்பர் மாதிரி மேலும் கீழுமாக வரிசையாகப் படுக்கைகள், பொதுக் கழிப்பறை. அதற்கு மேலே இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு கேபின்கள். ஒரு கேபினை நான்கு பேரோ ஆறு பேரோ பகிர்ந்துகொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே டீலக்ஸ், இரண்டு பேருக்கு. டீலக்ஸ் எடுத்து மூன்று நாள் சாப்பாட்டையும் கூட்டினால், முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டைவிட அதிகமாகிவிடும். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் கப்பல் என்றால் பங்க் மட்டும்தான் கணக்குக்குச் சரிவரும். குடும்பமாகப் போகிறவர்கள் நான்கு பேர் கேபினை மொத்தமாக எடுத்துக்கொண்டால் நிம்மதி. நான் ஒருமுறை பங்கில், ஒருமுறை இரண்டாம் வகுப்பில் போனேன். பங்கில் கழிப்பறை இரண்டாம் நாளே மோசமாகிவிட்டது, தூக்கமும் குறைவு. ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருந்த கச்சால் தீவுப் பாட்டி சொன்ன கதைகள் கேபினில் கிடைத்திருக்காது. 1964இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்தை விட்டு வந்து, கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவர் பேசிய தமிழில் கண்டியின் சாயல் அப்படியே இருந்தது.

கப்பல் ஏறுகிற நாளில், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடைசி வரை வந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். அடையாள அட்டை, பை எல்லாம் சோதித்து உள்ளே விடவே மணிக்கணக்கில் ஆகும். கப்பல் அதற்குப் பிறகும் கிளம்பாமல் நிற்கலாம்.

கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் முக்கியமானது வாந்தி மாத்திரை. உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி, தலை சுற்றத் தொடங்கும் முன்பே போட வேண்டும். ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். உப்பு பிஸ்கட், சுக்கு மிட்டாய், எலுமிச்சம்பழம் உதவும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். அப்புறம் கேன்டீன் சாப்பாடுதான், சோறு, பருப்பு, ஒரு கூட்டு, வேளை தவறாமல் கிடைக்கும். மெல்லிய போர்வை, பூட்டுச் சங்கிலி, ரப்பர் செருப்பு, சில்லறைப் பணம், படிக்க ஏதாவது ஒன்று. கப்பலில் டாக்டர் இருப்பார். தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளை மட்டும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கரை மறைந்து சில மணி நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பயந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரைத் தவிர எதுவும் இருக்காது. காலையில் மேல்தளத்தில் நின்றால் பறக்கும் மீன்கள் கப்பலின் பக்கவாட்டிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, தண்ணீரைத் தொடாமல் வெகுதூரம் போய் விழும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' இந்த நிக்கோபார்தான். இந்தக் கடலைப் பாய்மரத்தில் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்பது, அந்தத் தளத்தில் நின்றபோதுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது. கடைசிநாள் போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் நுழையும்போது நார்த் பே பக்கம் கலங்கரை விளக்கமும் தென்னைமரங்களும் தெரியும். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த படம் அதே கரைதான்.

கப்பல் வந்து நிற்பது ஹாடோ துறையில். அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

என் யோசனை: போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம். கப்பல் ஒருநாள் தாமதமாக வந்தால் சுற்றுவது ஒருநாள் குறையும், அவ்வளவுதான். திரும்பும்போது கப்பல் தாமதமானால் வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் தடுமாறும்.

போர்ட் பிளேருக்கு அப்புறம்

ஹேவ்லாக், நீல் இரண்டுக்கும் அரசுப் படகும் தனியார் படகும் ஓடுகின்றன. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும். விலை மிகக் குறைவு, ஹேவ்லாக் போக இரண்டரை மணி நேரம் ஆகும். வெளித்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். டிக்கெட் சில நாள் முன்னால்தான் கிடைக்கும், உள்ளூர்க்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். மக்ருஸ், கிரீன் ஓஷன், நாட்டிகா போன்ற தனியார் படகுகளை இணையத்தில் வெகு முன்னதாகவே பதியலாம். வேகமான படகு ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், பெரும்பாலும் கண்ணாடி மூடிய ஏசி அறை. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அந்த மூடிய அறை சிரமம். நடுவில், கீழ்த்தளத்தில், முன்பக்கம் பார்த்த இருக்கையாகக் கேளுங்கள்.

வழி ஒரு முக்கோணம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கே இரண்டு ராத்திரி. ஹேவ்லாக்கிலிருந்து நேரே நீல், ஒரு ராத்திரி. நீலிலிருந்து போர்ட் பிளேர். ஒவ்வொன்றுக்கும் போர்ட் பிளேர் திரும்பி வந்து போனால் ஒரு முழுநாள் கடலிலேயே கழியும். முதலில் படகு டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி அறை பதியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின ஒரு முழுநாளைப் போர்ட் பிளேரில் வையுங்கள். என் மூன்றாவது பயணத்தில் நீலிலிருந்து மதியப் படகு, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம் என்று வைத்திருந்தேன். அன்று காலையிலிருந்தே காற்று. பதினொரு மணிக்குப் படகுக் கம்பெனியிலிருந்து ரத்து என்று செய்தி வந்தது. அரசுப் படகும் வரவில்லை. நீல் ஜெட்டியில் என்னைப்போல் நூறு பேருக்கு மேல் மழையில் நின்றோம். மறுநாள் மாலை போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது விமானம் போயிருந்தது. படகுப் பணம் திரும்பக் கிடைத்தது, விமானப் பணம் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவருக்கு வேலூரில் மனைவியின் ஆபரேஷன். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்த உபரி நாள் வீணாகாது. கடல் சரியாக இருந்தால் ராஸ் தீவு, செல்லுலார் சிறை, வெற்றிமலை முருகன் கோயில், மாலையில் கார்பின்ஸ் கோவ் கடற்கரை என்று ஊருக்குள்ளேயே போய்விடும்.

வடக்கே போகிறவர்கள் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் வரை பஸ்ஸில் போகலாம். திக்லிபூர் ஏறக்குறைய ஒரு முழுப் பகல். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் போலீஸ் காவலோடு வரிசையாக அனுப்புவார்கள். இதைத்தான் கன்வாய் என்கிறார்கள். வண்டியை நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, சாப்பிட எதையும் வீசக் கூடாது. மீறினால் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. அதே வழியில் பாராடாங் தீவுக்குப் போகிற சில டூர்க்காரர்கள் 'வழியில ஜாரவா பார்க்கலாம்' என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் டிக்கெட் எடுக்காதீர்கள். சில நூறு பேரே மிஞ்சியிருக்கும் ஒரு மக்கள்கூட்டத்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது நமக்கு வேண்டாம். ரங்கத்துக்கும் திக்லிபூருக்கும் கடல்வழியாக அரசுப் படகும் உண்டு. நேரம் ஒத்துவந்தால் நான் அதில்தான் போவேன்.

தெற்கே லிட்டில் அந்தமானின் ஹட் பே வரை படகில் போகலாம். ஒரு பகல் பொழுது பிடிக்கும். அதற்கும் தெற்கே, பத்து டிகிரி கால்வாயைத் தாண்டினால் நிக்கோபார். கார் நிக்கோபார், கச்சால் போன்றவை பழங்குடிப் பகுதி, அங்கே உறவோ வேலையோ இல்லாமல் போக முடியாது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைக் குடியமர்த்தினார்கள், தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வழியில் பல தீவுகளில் நின்று போகும். ஹெலிகாப்டரும் உண்டு, ஆனால் நோயாளிகளுக்கும் அரசு வேலையாகப் போகிறவர்களுக்கும்தான் முன்னுரிமை. முதல் பயணத்தில் நிக்கோபாரை நினைக்க வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே 2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் திறந்த பிறகு இணையம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் சின்னத் தீவுகளுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். படகு டிக்கெட், அறைப் பதிவு எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். பொதுமொழி ஹிந்தி என்றாலும் போர்ட் பிளேர் பஜாரில் தமிழிலேயே சமாளிக்கலாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள், திரும்பும்போது சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். குழந்தைகள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள், அதையும் ஒருமுறை பாருங்கள்.

திரும்பவும் கப்பலில்தான் வருவேன் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து சென்னை வரும் கப்பலில், இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளிகள் ஒவ்வொரு தடவையும் இருப்பார்கள். கீழ்ப் படுக்கை உங்களுக்குக் கிடைத்து, பக்கத்தில் அப்படி ஒருவர் மேலே ஏற முடியாமல் நின்றால் இடம் மாற்றிக் கொடுங்கள். நான் பங்கில் போனபோது அந்தக் கச்சால் பாட்டிக்குக் கீழ்ப் படுக்கையைக் கொடுத்தது பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன்.